நூலகத்தைத் துறப்பேன்

துறவி என்றதும் தாடியும் தடியுமாக யாரையாவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. இந்தத் துறவிக்கு முப்பத்தாறு வயது. புருஷன் உண்டு, இரண்டு பெண் பிள்ளைகள் உண்டு, வாய் ஓயாத மாமியார் உண்டு, குதிகாலில் ஆணி உண்டு. அவள் துறந்தது என்று தேடினால் தூக்கம் ஒன்றுதான் அகப்படும். அதைக்கூட அவளாகத் துறக்கவில்லை. அதுதான் அவளை விட்டுவிட்டுப் போனது.

ஓர் அச்சகத்தில் பதினேழு வருஷமாக வேலை. தாள் மடிக்கத்தான் உள்ளே போனாள். நாளடைவில் பிழை பார்க்க உட்கார்ந்தாள். அழைப்பிதழ், கடை விளம்பரம், பள்ளி அறிக்கை, எது வந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவாள். ஒற்று விட்டவன் தப்ப முடியாது. அந்த அச்சகத்தில் ஒரு விதி இருந்தது: ஒருத்தர் கை, இன்னொருத்தர் கண். எழுத்தைக் கோத்த ஆள் தான் கோத்ததைத் தானே பார்த்து முடித்துவிடக் கூடாது. வேறொரு ஆள் வாசித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை யாரோ அனுபவப்பட்டவர் விதியாக்கியிருக்கிறார்.

படிக்கப் போனது ஒரு படிவத்தால். மூத்த மகளின் பள்ளிப் படிவத்தில் 'தாயின் கல்வி' என்று ஒரு கட்டம். "பன்னிரண்டாம் வகுப்பு" என்று எழுதினாள். பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானாம்மா?" என்றாள். குத்திக் காட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். சும்மா கேட்பதுதான் ஆழமாகப் போகும். அடுத்த வருஷம் மாலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்தாயிற்று, எங்கே உட்கார்ந்து படிப்பது? வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மாமியாரும் தொலைக்காட்சியும். இன்னொன்றில் மற்ற எல்லாரும். இருக்கிற ஒரே மேசை பிள்ளைகளுடையது. அச்சகம் ஐந்து மணிக்கு விடும். பேருந்தில் நின்றுகொண்டே வந்து கல்லூரி வாசலில் இறங்கும்போது ஐந்து முப்பத்தைந்து. வகுப்பு ஆறரைக்கு. நடுவில் முழுசாக ஐம்பத்தைந்து நிமிஷம். நூலகம் ஐந்தரைக்குப் பூட்டப்படும். ஐந்தே நிமிஷம்! தினமும் அவள் ஓடி வரும்போது நூலகர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். "நாளைக்கு வாங்கம்மா" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் நாளைக்கும் இதே பேருந்துதானே வரும்? அவள் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற வருகிற செருப்புகளுக்கு நடுவில் புள்ளியியல் படித்தாள். அந்தப் பாடத்தில் முதல் பருவத்தில் தோற்றாள். இரண்டாம் பருவத்தில் மறுபடி எழுதி மறுபடி தோற்றாள்.

அந்தக் கோபத்தில்தான் மாணவர் சங்கச் செயலாளர் தேர்தலில் நின்றாள். கேட்டது பெரிய ராஜ்ஜியம் ஒன்றுமில்லை. நூலகம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மருமக அரசியலுக்குப் போறா. அரிசி களையறது யாரு?" என்றார் மாமியார்.

எதிர்த்து நின்றவள் பகல் வகுப்புப் பெண். பத்தொன்பது வயது. அவளை எல்லாரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். இவளோ ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை எச்சில் விழுங்குகிறவள். பேச்சில் முடியாததை எழுத்தில் காட்டுவோம் என்று ஒரு நோட்டீஸ் எழுதினாள். வேலை முடிந்த பிறகு தானே உட்கார்ந்து எழுத்துக் கோத்தாள். மெஷின் ஓட்டுகிற அண்ணனிடம் வாசிக்கக் கொடுத்திருக்கலாம். வெட்கம். 'வயசான காலத்தில் இது எதுக்கு' என்று கேட்டுவிடுவாரோ என்று தானே பார்த்து, தானே கையெழுத்துப் போட்டு, எண்ணூறு பிரதி ஓடவிட்டாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கல்லூரி முழுக்கக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. யாரோ அவள் கையிலேயே ஒரு பிரதியைத் திணித்தார்கள். தடித்த எழுத்தில், நட்டநடுவில்:

மாலை மாணவர்களுக்காக நூலகத்தைத் துறப்பேன்.

திறப்பேன் என்று இருக்க வேண்டியது. தலைக்கு மேல் போக வேண்டிய கொக்கி காலுக்குக் கீழே போய்விட்டது. பதினேழு வருஷம் ஊரார் பிழையையெல்லாம் பிடித்தவள், தன் பிழையை எண்ணூறு பேருக்குத் தன் கையாலேயே கொடுத்திருக்கிறாள்!

மைக் மேடையில் விடுவாளா? "அக்கா நூலகத்தைத் துறந்துட்டாங்க. அப்படியே ஓட்டையும் துறந்துட்டா நல்லா இருக்கும்" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் துறவி. வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்கூட ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டார். அவளும் வாய் தவறி "இருக்கேன் சார்" என்றாள்.

மைக் நானூற்றுப் பன்னிரண்டு. துறவி தொண்ணூற்றேழு.

அந்தச் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பழுப்பு அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகம் இருக்கும். ஜெயித்தவர், தான் கொடுத்த வாக்குறுதிகளை அதில் தன் கையால் எழுத வேண்டும். அடியில் தோற்றவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி எப்போது வேண்டுமானாலும் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து 'இது என்ன ஆச்சு' என்று கேட்கலாம். விதி அப்படி. நடைமுறையில், தோற்றவர்கள் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கி நின்று ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு ஓடிவிடுவார்கள். அவளும் அப்படித்தான். ஒரு வரி வாசிக்கவில்லை.

வீட்டில் புருஷன், வேன் ஓட்டிக் களைத்து வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு. நின்னு பாத்தாச்சு, இனிமே உக்காந்து பாரு" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள்.

ஒரு வாரம் அந்த ஓர் எழுத்தைத் திட்டிக்கொண்டே திரிந்தாள். அது மட்டும் சரியாக இருந்திருந்தால் மாலை மாணவர் நூற்று நாற்பது பேரும் தனக்குப் போட்டிருப்பார்கள் என்று கணக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. அறிவிப்புப் பலகையில் வாக்காளர் பட்டியல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போட்டவர்கள் பெயருக்கு எதிரே கையெழுத்து. மாலைப் பிரிவுப் பக்கத்தைப் பார்த்தாள். நூற்று நாற்பது பெயர். கையெழுத்து முப்பத்தொன்று. மற்றதெல்லாம் வெறும் கட்டம்.

வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு உதவியாள். அவளிடமே கேட்டாள்.

"நீ எனக்குப் போடாட்டி பரவால்ல. யாருக்குமே போடலயே, ஏன்?"

"ஓட்டு பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும். நாலு மணிக்கு நான் வார்டுல நோயாளிக்குப் படுக்கை மாத்திட்டிருந்தேன். நீ எப்படிப் போட்ட?"

"அரை நாள் லீவு போட்டேன்."

"எனக்கு யாரு குடுப்பா அரை நாள்? நம்ம வகுப்புல முக்காவாசிப் பேரு வேலைக்குப் போறவங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாதா? தெரியும்தான். பத்து முதல் நான்கு வரை என்ற அறிவிப்பே அவள் அச்சகத்தில்தான் அடித்தது. மறுநாள் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தாள். பிழை பார்த்த பிரதி அப்படியே இருந்தது, அடியில் அவள் கையெழுத்தோடு. 'வாக்குபதிவு' என்று வந்திருந்ததில் சிவப்பால் ஒரு 'ப்' சேர்த்திருந்தாள். அந்தச் சொல்லுக்கு அரை விரல் தள்ளித்தான் நேரம் இருந்தது. ஒற்றைப் பார்த்த கண் நேரத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தாளே ஒழிய வாசிக்கவில்லை. பதினேழு வருஷமாக இப்படித்தான் எல்லாவற்றையும் பார்த்தோமோ என்று நினைத்தாள்.

பிறகுதான் பழுப்புப் புத்தகம் ஞாபகம் வந்தது. சங்க அறைக்குப் போனாள். மைக் மேசையில் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள், இவளைப் பார்த்ததும் காலை எடுத்தாள்.

"நான் சாட்சி. பக்கத்தைக் காட்டு" என்றாள் துறவி.

இதுவரை யாரும் கேட்டதில்லையாம். தேடி எடுத்தார்கள். மூன்றாம் வரி: எல்லா மாணவருக்கும் சம வாய்ப்பு.

"நாங்க வேலையில இருக்கற நேரத்துல பெட்டிய வச்சிட்டு, சம வாய்ப்புன்னா என்னம்மா அர்த்தம்?"

மைக்குக்கு முதல் தடவையாகக் குரல் இறங்கியது. துறவி கொண்டுவந்திருந்த வாக்காளர் பட்டியலை வாங்கி எண்ணினாள். "ஆறரை வரைக்கும் பெட்டி இருந்தா உங்க ஆளுங்க வந்துடுவாங்க. அடுத்த வருஷம் நான் தோத்துடுவேன்க்கா."

"தோக்கலாம்."

கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள் மைக். "எதிராளி வராத மைதானத்துல கோல் போட்டுட்டா குதிச்சேன் நானு? ச்சே!" என்றாள். அடுத்த கூட்டத்தில் அவளே தீர்மானம் கொண்டுவந்தாள். அவள் தோழிகள் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

மறு வருஷம் மறுபடி அதே இரண்டு பேர். துறவிக்கு அது கடைசி வருஷம். புள்ளியியல் இன்னும் கழுத்தில் கத்தியாகத் தொங்கியது, படிக்கட்டும் அதே படிக்கட்டுதான். தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு ஒரு நோட்டீஸ் பிழை பார்க்க வந்தது. மைக்குடையது. 'உங்கள் பொன்னான நாக்கை எனக்கே தாருங்கள்' என்று இருந்தது. வாக்கு நாக்காகியிருந்தது.

மெஷின் அண்ணன் எட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கையெழுத்தைப் போட்டுக் குடுத்துரு. உனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கட்டும். வினை விதைச்சவ வினை அறுப்பா."

ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பேனாவைத் திறந்தாள். அந்தப் பெண் மேடையில் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அதோடு, 'ச்சே' என்றதும் கேட்டது. "நா"வைச் சுழித்து "வா" போட்டாள்.

"என் கையெழுத்துப் போட்ட தாள்ல நாக்கு போகாதுண்ணே" என்றாள்.

சாயங்காலம் நோட்டீஸ் வாங்க வந்த மைக், சிவப்புத் திருத்தத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இருக்கற நாக்கு போதாதா உனக்கு? ஊரார் நாக்கு வேற வேணுமா?" என்றாள் துறவி.

மைக் சிரிக்கவில்லை. "உங்களோடது எங்கக்கா? யாரு பாத்தாங்க?"

"இன்னும் யாரும் பாக்கல."

"குடுங்க. ஒருத்தர் கை, இன்னொருத்தர் கண்ணுன்னு சுவத்துல எழுதி வச்சிருக்கீங்கல்ல."

அங்கேயே நின்றபடி வாசித்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பேனாவை வாங்கி ஒரு சொல்லை அடித்தாள். 'மாலை மாணவர்களுக்காக' என்பதில் 'மாலை'யை.

"இது ஏன்க்கா? ஹாஸ்டல்ல ஒரு அறைக்கு ஆறு பேர் இருக்கோம். அஞ்சரைக்கு நூலகத்துல எங்களையும்தான் வெளிய தள்றாங்க. நான் துணி துவைக்கற இடத்துல உக்காந்து படிக்கறேன். நீங்க படிக்கட்டுல. போன வருஷமே இந்த ஒரு சொல் இல்லாட்டி நானே உங்களுக்குத்தான் போட்டிருப்பேன்."

துறவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகத் தன் பிழை துறப்பேன்தான் என்று இருந்துவிட்டாள். பிழை அதற்கு மூன்று சொல் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது.

"நானும் இத என் நோட்டீஸ்ல சேத்துக்கட்டுமா?" என்று மைக் கேட்டாள். துறவி சேர்த்துக்கொள் என்றாள்.

புருஷன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இருந்த ஒரே வாக்குறுதியையும் அவகிட்ட தூக்கிக் குடுத்துட்டா, அப்புறம் நீ எதுக்கு நிக்கற?"

"தூக்கம் வருது" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறரை வரை பெட்டி இருந்தது. மாலைப் பிரிவில் நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து. நர்ஸுக்கு உதவியாள் சீருடையோடு ஓடி வந்து போட்டாள். பகல் பிள்ளைகளும் போட்டார்கள். எண்ணி முடித்தபோது மைக் முந்நூற்றுப் பதினெட்டு, துறவி முந்நூற்றொன்பது.

ஒன்பது ஓட்டு! தொண்ணூற்றேழு வாங்கித் தோற்றபோது வெறும் அவமானம்தான். ஒன்பதில் தோற்றது நெஞ்சை அறுத்தது. ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கழிப்பறையில் போய் அழுதாள். முகம் கழுவினாள். சங்க அறைக்குப் போனாள், ஏனென்றால் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

இந்தத் தடவை வாசித்தாள். நிதானமாக, ஒரு விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு. இரண்டாம் வரி: நூலகத்தை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறக்க முயல்வேன்.

"முயல்வேன் நோட்டீஸ்ல இல்லையே" என்றாள். "நோட்டீஸ்ல திறப்பேன்னு இருந்துச்சு. நான்தான் பிழை பாத்தேன்."

மைக் நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்து எழுதினாள். அதன் பிறகுதான் இவள் கையெழுத்துப் போட்டாள்.

எழுதியதும் கதவு திறந்துவிடவில்லை. முதல் கூட்டத்தில், முதல்வர் ஊரில் இல்லை என்றார்கள். இரண்டாவதில், ஆள் இல்லை என்று முதல்வர் சொன்னதாகச் சொன்னார்கள். மூன்றாவதில், விளக்குக்கு யார் பொறுப்பு என்று ஒரு பேச்சு. ஒவ்வொரு தடவையும் துறவி பின்வரிசையில் எழுந்து, குதிகால் வலிக்க நின்று, "சாட்சி எழுந்திருக்கேன். ரெண்டாம் வரி என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்பாள். உட்கார்ந்துவிடுவாள். சில பிள்ளைகள் முனகினார்கள், துறவி ஆரம்பிச்சிட்டாங்கடா என்று. அவளுக்கே தன் குரல் அலுத்துப்போயிருந்தது. நாலாவது கூட்டத்துக்கு முந்தின நாள் மைக் முதல்வர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நாளைக்கு அந்தக்கா எழுந்து நிப்பாங்க சார். என்னால அவங்க மூஞ்சியப் பாக்க முடியாது" என்றாளாம்.

கடைசியில் ஒரு ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரமும் சங்க உறுப்பினர் யாராவது வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சாவியும் அவர்களிடம். நூலகர் சாவியைக் கொடுக்கும்போது மூன்று தடவை பூட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் இறங்கினாள். பழக்க தோஷம், படிக்கட்டில் உட்காரப் போனாள். கதவு திறந்திருந்தது. வாசல் மேசையில் மைக், பழுப்புப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு.

"நிறைவேறினா அதையும் எழுதி சாட்சிகிட்ட கையெழுத்து வாங்கணுமாம். இதுவரைக்கும் யாரும் வாங்கினதில்ல போல. பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

துறவி குனிந்து வாசித்தாள். 'நூலகத்தைத் திறந்தோம்.' கை தானாகப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது.

"திறந்தேன்னு வரணும். செயலாளர் நீ ஒருத்திதானே? ஒருமை பன்மை தப்பு."

"தப்பில்லக்கா. எழுத்தைப் பாக்காதீங்க. வாசிங்க."

அவள் மறுபடி வாசித்தாள். பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டாள். மைக்கின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வரி கொஞ்சம் கோணலாகப் போனது, கண்ணில் தண்ணீர் நின்றதால்.

பிறகு ஜன்னலோரம் ஒரு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே துணி துவைக்கும் இடத்துப் பிள்ளைகள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். புள்ளியியல் புத்தகத்தைப் பிரித்தாள். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. முதல் பக்கத்தைப் பாதி படித்திருப்பாள். அப்படியே மேசையில் தலை சாய்ந்துவிட்டது.

ஒரு பெண் எழுப்பப் போனாள். மைக் வாசலிலிருந்தே வாயில் விரல் வைத்துக் காட்டினாள். ஆறு இருபத்தைந்துக்கு அவளே வந்து, அந்தக் குரலை எங்கே ஒளித்துவைத்தாளோ, மெதுவாக, "அக்கா, வகுப்புக்கு நேரமாச்சு" என்றாள்.

துறவி விழித்துப் புத்தகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமே படிக்கலயே" என்றாள்.

"அதனால என்ன?" என்றாள் மைக். "நாளைக்கு வாங்க."